மயானக்கொள்ளைக்கு லேனாவை அழைத்துப்போனது

லேனாவுக்கு வேர்க்கடலை ஆகாது. இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ஆகாது என்றால், கத்தரிக்காய் தின்றால் உடம்பு அரிக்கிறது என்கிறோமே, அந்தக் கணக்கில் இல்லை. ஒரு பருப்பு உள்ளே போனாலும் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். உடனே ஊசி போட வேண்டும். தவறினால் ஆள் கிடையாது.

அவள் ஜெர்மனியில் கொலோன் என்ற ஊர்க்காரி. பள்ளிப் படிப்பை முடித்ததும் ஒரு வருஷம் வேறு நாட்டுக்குப் போய்ச் சம்பளமில்லாமல் சேவை செய்கிற வழக்கம் அங்கே உண்டாம். அப்படித்தான் 2011 செப்டம்பரில் மண்ணூரில் எங்கள் பெண்கள் விடுதிக்கு வந்து சேர்ந்தாள். விடுதியில் இருந்தவர்கள் எல்லோரும் தெற்கத்திப் பிள்ளைகள். கோவில்பட்டி, சங்கரன்கோவில், விளாத்திகுளம். நான் கழுகுமலை. செல்போன் உதிரிப்பாகம் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து நாங்கள் வந்ததும், லேனா எங்களுக்கு இங்கிலீஷில் பேசவும் கம்ப்யூட்டரைத் தொடவும் சொல்லிக்கொடுப்பாள். பதிலுக்கு எங்களிடம் தமிழ் படித்தாள். அவள் தமிழ் ஒரு தினுசாக இருக்கும். சமையல்கார அக்காவிடம் "இன்னா கொழம்பு?" என்பாள், அதே மூச்சில் எங்கள் பக்கம் திரும்பி, "ஏட்டி, சாப்பிட வாரியா?" என்பாள்.

அவளுக்கு என் அறையில்தான் இடம் ஒதுக்கினார்கள். விடுதியையும் அதிலிருந்த பயிற்சி மையத்தையும் நடத்தும் அமலா மேடம் முதல் வாரமே என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஊசி விஷயத்தை ஒப்படைத்தார். அந்த ஊசி பார்க்கத் தடித்த பேனா மாதிரி இருக்கும். நீல மூடியைப் பிடுங்க வேண்டும். ஆரஞ்சு முனையைத் தொடையில், துணிக்கு மேலேயே ஓங்கிக் குத்த வேண்டும். பத்து எண்ணும்வரை எடுக்கக் கூடாது. மருந்தில்லாத பேனா ஒன்றை வைத்து என் தொடையிலேயே பழகிக்கொண்டேன். மருந்துள்ளவை இரண்டே இரண்டு. இந்த நாட்டில் கடையில் கிடைக்காது என்றார்கள். வெயில் பட்டாலும் வீணாகிவிடுமாம். அதனால் வெளியே போகும்போதெல்லாம் வாய் அகன்ற பிளாஸ்க்கில் ஐஸ் வைத்து, பேனாக்களைப் பாலிதீனில் சுற்றி உள்ளே போட்டு, என் தோளில் மாட்டிக்கொள்வேன்.

விடுதிச் சமையல் சின்னப்பொண்ணு அக்காவுடையது. அவர் இந்தப் பக்கத்து ஊர்க்காரர். சேரப்பணஞ்சேரியைத் தாண்டி உள்ளே தள்ளி ஒரு கிராமம். முதலில் அவர் நம்பவேயில்லை.

"இன்னாமா கத வுடற? வேர்க்கல்ல துன்னு சாவாங்களா? அத்த துன்னுதான நாங்கள்லாம் உயிரோட கீறோம்."

"நெசமாத்தான்க்கா. தின்னா செத்துருவா."

"பாவம். அப்ப அவ அப்பன் ஆத்தா இன்னாத்த போட்டு வளத்தாங்க?"

நம்பாவிட்டாலும் சொன்னதைச் செய்தார். அன்றோடு அடுப்படியில் வேர்க்கடலை ஒழிந்தது. கடலைச் சட்னி போச்சே என்று பிள்ளைகள் முணுமுணுத்ததற்கு, "ஒரு உசுர வுட உன் சட்னி பெருசா?" என்று அவரே திட்டி அடக்கினார். ஐந்து மாதம் எந்த வில்லங்கமும் இல்லாமல் கழிந்தது.

பிப்ரவரியில்தான் லேனா வாடிப்போனாள். அந்த வாரம் அவள் ஊரில் பெரிய கொண்டாட்டமாம். பொம்பளை ஆம்பளை வித்தியாசமில்லாமல் வேஷம் கட்டி, முகத்தில் சாயம் பூசி, மேளத்தோடு தெருவில் ஆடுவார்களாம். வண்டியின் மேலே நின்று கூட்டத்துக்கு மிட்டாய் வாரி இறைப்பார்களாம். அந்தப் படங்களைக் கம்ப்யூட்டரில் காட்டிக்கொண்டிருந்தாள். தட்டு எடுக்க வந்த சின்னப்பொண்ணு அக்கா குனிந்து பார்த்தார்.

"அட, எங்க ஊரு மயானக்கொள்ள மாதிரியே கீது! சிவராத்திரிக்கு மறாநாளு. வேஷம் கட்டிக்கினு, ஆடிக்கினு, சுண்டலு, கொழுக்கட்ட, காய்கறி எல்லாத்தையும் வாரி எறிவாங்க. வர்றியா லேனா?"

லேனாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நான் 'சுண்டல்' என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

எங்கள் பக்கம் இந்தத் திருவிழா இல்லை. அக்கா சொல்லித்தான் எனக்கும் தெரியும். சுடுகாட்டில் அங்காளம்மனை மண்ணால் பெரிதாகப் படுத்த வாக்கில் செய்துவைப்பார்களாம். வேஷம் கட்டியவர்கள் பம்பை மேளத்தோடு சாமிக்கு முன்னால் ஆடிப்போய், வேகவைத்த தானியங்களை இறைத்து, கடைசியில் அந்த மண்ணுருவத்தைக் கொள்ளையடிப்பார்களாம். மேலே விழுவதை வாயில் போட்டுக்கொள்வது நல்லதாம். அந்தத் தானியத்தில் வேர்க்கடலை உண்டா என்று கேட்டேன்.

"உண்டுதான். எங்க வூட்டுல எதுலயும் போட மாட்டேன், அங்காளம்மா மேல ஆணை. ஆனா ஊரே போடறத நான் எப்டிமா தடுக்க முடியும்?"

அமலா மேடம் மறுத்துவிடுவார் என்று நம்பினேன். மறுக்கவில்லை. "பிள்ளை ஒரு வாரமா அழுதுகிட்டிருக்கு. நீ கூடவே இருந்தா அனுப்புறேன். ஏதாவது ஆச்சுன்னா அவங்க அம்மாவுக்கு நான் பதில் சொல்லணும், எனக்கு நீ சொல்லணும்" என்றார்.

பஸ்ஸில் போகும்போதே லேனாவிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். எறிகிற கூட்டத்தில் நிற்கக் கூடாது. வாயைத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். நான் பார்க்காத எதையும் வாயில் வைக்கக் கூடாது. உடம்பில் கொஞ்சம் மாற்றம் தெரிந்தாலும் என் கையைப் பிடிக்க வேண்டும்.

"சரி சூப்பர்வைசர்" என்றாள்.

"சிரிக்காத. எனக்குப் பயமாருக்கு."

"பிரியா, நான் சின்ன வயசுல இருந்து இப்படித்தான் இருக்கேன். பயந்தா வீட்டுலதான் இருக்கணும்."

ஸ்ரீபெரும்புதூரில் பஸ் மாறி, ஒரகடத்தில் இறங்கினோம். புதுக் கார்களை அடுக்கிய பெரிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. பிளாஸ்க்கைத் திறந்து பார்த்தேன், ஐஸ் கரையவில்லை. சின்னப்பொண்ணு அக்காவின் தம்பி சுப்பிரமணி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் வந்து அழைத்துப்போவதாகப் பேச்சு. ஆட்டோ வந்தது. ஓட்டி வந்தவரைப் பார்த்ததும் லேனா கைதட்டினாள். முகம் முழுக்க நீலச்சாயம், நெற்றியில் மூன்றாவது கண், இடுப்பில் சிவப்புப் புடவை. அட்டையில் செய்த நான்கு கைகள் பின்சீட்டில் கிடந்தன.

"மன்னிச்சிக்கோம்மா, கழட்ட முடியாது. சாயம் பூசிட்டா மயானம் போய்ட்டு வந்துதான் கழுவணும்" என்றார் சுப்பிரமணி. அவர் மனைவிக்கு இரண்டு முறை கர்ப்பம் கலைந்து, அதற்கப்புறம்தான் ஒரு பெண் குழந்தை தங்கியதாம். மூன்று வருஷம் காளி வேஷம் கட்டுவதாக நேர்ச்சை. இது கடைசி வருஷம்.

அக்கா வீட்டு வாசலில் வேஷம் போட்டுவிடுகிறவர் உட்கார்ந்திருந்தார். லேனா நேராக அவர் முன்னால் போய்ச் சப்பணமிட்டுவிட்டாள்.

"வேண்டாம் லேனா. முகம் வீங்குனா எனக்குத் தெரியாமப் போயிரும்" என்றேன்.

"இன்னைக்கு எங்க ஊருல என் அம்மா கூட வேஷம் போட்டிருப்பா, பிரியா. இன்னைக்கு மட்டும்."

சாயத்தில் என்ன கலந்திருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீ இன்னா போலீஸா?" என்றார். முகம் முழுக்கச் சிவப்பு பூசி, கண்ணைச் சுற்றிக் கறுப்பு தீட்டி, உதட்டுக்கும் கறுப்பு பூசினார். அக்கா தன் சிவப்புப் புடவையைக் கட்டிவிட்டு, கை இரண்டிலும் மஞ்சளைக் குழைத்துத் தடவினார். லேனாவின் வெள்ளைத் தோல் ஓர் இடத்திலும் தெரியவில்லை. தெருப்பிள்ளைகள் "வெள்ளக்கார அம்மன்!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடின.

புறப்படும் முன் இலை போட்டார் அக்கா. நான் ஒவ்வொன்றாக விசாரித்தேன். சர்க்கரைப் பொங்கலில் முந்திரி. அது அவளுக்கு ஆகும். சுண்டல் வெறும் கொண்டைக்கடலை. வடை உளுந்து மட்டும். அம்மி, கரண்டி, சட்டி எல்லாம் கழுவினதுதானா என்றும் கேட்டேன்.

"உனக்கு வரப்போற மாமியா பாவம்டி" என்றார் அக்கா. "துன்னுமா, துன்னு. உனக்குன்னே தனியா சுட்டது."

வடை அப்படி மணந்தது. விடுதியில் அந்த மாதிரி வாய்த்ததேயில்லை. லேனா கேட்டு வாங்கித் தின்றாள். நானும் தின்றேன்.

சாமி வந்துவிட்டது என்று ஆள் வந்து சொல்ல, எல்லோரும் தெருவுக்கு ஓடினோம். ஊர்வலம் குறுகலான தெருவை அடைத்துக்கொண்டு வந்தது. முன்னால் பம்பைக்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் காளிகள், பேய்கள், முறத்தால் அடிக்கிறவர்கள், எலுமிச்சம்பழத்தை உடம்பில் குத்திக்கொண்டவர்கள். அதற்கும் பின்னால் அம்மன் பல்லக்கு. லேனாவின் வாயைச் சுற்றித் துணியைக் கட்டி, ஒரு வீட்டுச் சுவரோரம் நிறுத்தி, அவளுக்கு முன்னால் நான் கையை விரித்துக்கொண்டு நின்றேன். இரண்டு பக்கத்திலிருந்தும் தானியம் வந்து விழுந்தது. என் தலையில் விழுந்ததைத் தட்டிப் பார்த்தேன். மொச்சை, காராமணி, நடுவே வேர்க்கடலை. அவள் புடவையில் ஒட்டியவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தூர எறிந்தேன். அவளோ என் தோளுக்கு மேலாகக் குதித்துக் குதித்துப் பார்த்து, மேளத்துக்கு ஏற்ப ஆடிக்கொண்டிருந்தாள்.

திரும்பிப் பார்த்தபோது ஆட்டம் நின்றிருந்தது. வாய்த்துணியை இழுத்து இறக்கியிருந்தாள். கைகளைப் பறக்பறக்கென்று சொறிந்தாள். என்ன என்று கேட்டேன். கறுத்த உதடுகள் அசைந்தன; மேளத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அந்த முகத்தில் எதைப் பார்ப்பது? சிவப்பும் கறுப்பும்தான் இருந்தன. கண்கள் மட்டும் மிரண்டிருந்தன. என் கையைப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

நான் பிளாஸ்க்கைத் திருப்புவதற்குள் அவள் தள்ளாடி முன்னால் போய், தெரு நடுவில் முட்டி போட்டு விழுந்தாள். தலை முன்னும் பின்னும் ஆடியது. மூச்சுக்கு இழுக்கும் ஓசை, ஊளை போல வந்தது. பம்பைக்காரர்கள் அவளைப் பார்த்தார்கள். பார்த்ததும் வளைத்துக்கொண்டு, அவள் காதோரம் குனிந்து இரண்டு மடங்கு வேகத்தில் அடிக்க ஆரம்பித்தார்கள்.

"வெள்ளக்காரப் பொண்ணு மேல அம்மா வந்துட்டா!"

அந்த ஒரு குரல்தான். தெரு முழுக்கக் குலவைச் சத்தம் எழுந்தது. யாரோ அவள் கூந்தலை அவிழ்த்துவிட்டார்கள். யாரோ வேப்பிலையைக் கையில் திணித்தார்கள். ஒரு பெண் அவள் காலில் விழுந்து, "தாயே, என் புள்ளைக்கு கம்பெனில பர்மனென்ட் ஆவுமா? மூணு வருஷமா கான்ட்ராக்ட்லயே கீறான்" என்று அழுதாள். லேனா கழுத்தைப் பிடித்துக்கொண்டு முக்கினாள். "ஆவும்ன்றா! தல ஆட்டறா பாரு!" என்றார்கள்.

"சாமி இல்ல! அவளுக்கு மூச்சு அடைக்கி! விலகுங்க!" என்று கத்தினேன். உள்ளே புகுந்து அவள் தொடையைத் தேடினேன். மரகதம் என்று பிறகு பெயர் தெரிந்த ஒரு பெரிய உடம்புக்காரி என் இரண்டு கைகளையும் பின்னால் முறுக்கினாள்.

"யாருடி நீ? சாமி மேல கை வைக்கற? தீட்டு கீட்டு இருந்தா தூரப் போ!"

"அக்கா, செத்துருவாக்கா, ஊசி போடணும்..."

"ஆடறப்ப ஊசி போடுவியா? கண்ணு அவிஞ்சுடும்!"

சின்னப்பொண்ணு அக்காவைத் தேடினேன். கூட்டத்துக்கு அப்பால் நின்று, இரு கையையும் தலைக்கு மேல் கூப்பி அழுதுகொண்டிருந்தார். தன் வீட்டில் சாப்பிட்ட பெண் மேல் அம்மன் இறங்கிவிட்ட பூரிப்பு. நான் கத்துவது அவருக்கும் கேட்கவில்லை. லேனாவின் தலையாட்டம் குறைந்துகொண்டே வந்தது. மூச்சின் ஓசையும் மெலிந்துகொண்டே வந்தது.

அந்தத் தெருவில் மனுஷர் பேச்சு எடுபடாது என்று தெரிந்துபோயிற்று. சாமி சொன்னால் கேட்பார்கள்.

எங்கள் அத்தை ஒருத்தி பங்குனிப் பொங்கலுக்குச் சாமி ஆடுவாள். அவள் முதலில் என்ன செய்வாள் என்று நினைத்துப் பார்த்தேன். மன்னிச்சுக்கோ ஆத்தா என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, தலையை உலுக்கிச் சடையைத் தெறிக்கவிட்டு, அடிவயிற்றிலிருந்து ஒரு கூச்சல் போட்டேன்.

"ஏய்! எவடி என் கையப் பிடிக்கது?"

மரகதம் சூடுபட்ட மாதிரிக் கையை எடுத்தாள்.

"எம்புள்ளய மறிக்கியளோ? நான் வந்துருக்கேன்! விலகுங்கலே!"

"இன்னா பாஷடா இது?"

"தெக்கத்தி அம்மாடா. வழி வுடு, வழி வுடு."

வட்டம் அகன்றது. பிளாஸ்க்கின் மூடியைத் திறந்து ஐஸ் தண்ணீரோடு கைவிட்டுப் பேனாவை எடுத்தேன். அதற்குள் பூசாரி முன்னால் வந்து நின்றார். தட்டில் கற்பூரம் எரிந்தது. "யாரு வந்துக்கீறதுன்னு சொல்லு தாயே. மெய்யா வந்திருந்தா கற்பூரம் வாங்கு" என்றார். வந்தது யார் என்று தெரியாமல் யாரையும் தொடவிட மாட்டார். அது அவர் முறை. விவாதம் பண்ண நேரமில்லை. இடது கையை நீட்டினேன். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையில் வைத்தார். சதை தீய்வது தெரிந்தது. கத்தினேன், அது சாமியின் கத்தலாகவே போயிற்று.

"கழுகுமலை ஆத்தாடா!" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

பூசாரி கும்பிட்டு ஒதுங்கினார். கற்பூரத்தை உதறினேன். நீல மூடியைப் பல்லால் பிடுங்கித் துப்பினேன். ஆரஞ்சு முனையை அந்தச் சிவப்புப் புடவை மேலேயே வைத்து ஓங்கிக் குத்தினேன்.

"அம்மா சூலத்தால குத்தறா!" என்றது கூட்டம்.

"ஒண்ணு!" என்று கத்தினேன்.

"தாயே!" என்றார்கள்.

"ரெண்டு!"

"அங்காளம்மா தாயே!"

பத்து வரைக்கும் அப்படியே எண்ணினோம், நானும் அந்த ஊரும். பேனாவை எடுத்துவிட்டு லேனாவின் வாயருகே காதை வைத்தேன். ஒரு கீச்சு. இன்னொரு கீச்சு. மருந்து கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும், அதற்குள் ஆஸ்பத்திரி போய்விட வேண்டும் என்று அமலா மேடம் சொல்லியிருந்தார். நிமிர்ந்தேன். நான்கு அட்டைக் கைகளோடு சுப்பிரமணி எனக்கு எதிரே கும்பிட்டபடி நின்றார்.

"ஏ காளி! தூக்கு என் பிள்ளைய! வண்டியில போடு! எல்லைக்குக் கொண்டு போ!"

"தாயே, சாமி பொறப்பட்டப்புறம் மயானம் போவாம திரும்பக் கூடாதே..."

"நான் சொல்லுதேன், தூக்கு!"

தூக்கினார். கூட்டம் பிளந்து வழி விட்டது. ஆட்டோவின் பின்சீட்டில் லேனாவை என் மடியில் கிடத்திக்கொண்டேன். ஊர் எல்லையைத் தாண்டும்வரை பின்னால் குலவை கேட்டது.

"எங்க போவணும் தாயே?" என்றார் சுப்பிரமணி, திரும்பாமலே.

"பக்கத்துல எந்த ஆஸ்பத்திரி இருக்கோ அங்க போங்கண்ணே."

ஆட்டோ லேசாக வளைந்து நேரானது. "சாமி எறங்கிடுச்சா?"

"சாமியே வரலண்ணே. அவளுக்கும் வரல, எனக்கும் வரல. மூச்சு நின்னுரும். சீக்கிரம் ஓட்டுங்க."

கண்ணாடியில் அந்த நீல முகம் என்னையே பார்த்தது. ஏசுவார் என்று நினைத்தேன். "மூணாவது வருஷம்மா இது" என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் அவர் ஓட்டிய ஓட்டத்தை என்னால் எழுதிக் காட்ட முடியாது. மெயின் ரோட்டில் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு, காளி ஆட்டோ ஓட்டி வருவதைப் பார்த்த லாரிக்காரர்கள் ஓரங்கட்டினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் செக்யூரிட்டி தடுக்க எழுந்தவர், செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். சுப்பிரமணி லேனாவைத் தூக்கிக்கொண்டு நேரே உள்ளே போய்க் கட்டிலில் கிடத்தினார்.

"போங்கண்ணே, உங்க வேண்டுதல முடிங்க" என்றேன். நர்ஸ் ஆக்சிஜன் மாட்டும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

டாக்டர் இளவயசுக்காரர். கையில் மிச்சமிருந்த பேனாவைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். டிரிப் ஏற்றினார், இன்னும் ஏதேதோ ஊசி போட்டார். நர்ஸ் தேங்காய் எண்ணெய் தொட்டுச் சாயத்தைத் துடைத்தபோதுதான் பார்த்தேன்: கண்ணிமையும் உதடும் வீங்கி, தெரியாத பெண் மாதிரி இருந்தாள். ஆனால் நெஞ்சு ஏறி இறங்கியது.

"இப்ப பரவாயில்லை. ஆனா மறுபடி வரலாம், நாளைக்குக் காலை வரை பாக்கணும்" என்றார் டாக்டர். "எதுனால வந்துச்சுன்னு தெரிஞ்சாகணும். என்ன சாப்பிட்டா?"

எல்லாவற்றையும் சொன்னேன். எதிலும் வேர்க்கடலை இல்லை.

"எங்கேயோ இருந்திருக்கு. தெரியாம விட்டா அடுத்த தடவை இதே தப்பு நடக்கும். அடுத்த தடவை நீங்க கூட இருப்பீங்களா?"

என் கைக்கு மருந்து போட்டுக் கட்டினார். கற்பூரம் பட்டது என்றேன். எப்படி என்று அவர் கேட்கவில்லை. அமலா மேடத்துக்குப் போன் செய்தேன். கிளம்பிவிட்டேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். எதில் இருந்தது, எதில் இருந்தது என்று கட்டிலருகே உட்கார்ந்து இலையை மனசுக்குள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். தானியம் ஒன்று என் கண்ணுக்குத் தப்பி அவள் வாய்க்குள் போயிருக்குமோ? அப்படியானால் தவறு என்னுடையதுதான்.

பொழுது சாயும் நேரத்தில் வராந்தாவில் பேச்சுச் சத்தம். சின்னப்பொண்ணு அக்கா, மரகதம், இன்னும் நாலைந்து பேர். கையில் எலுமிச்சம்பழம், மயானத்து மண், ஒரு தூக்குவாளி நிறையக் கொள்ளைச் சுண்டல். நான் கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டேன்.

"தாயே" என்று மரகதம் என் காலைத் தொடக் குனிந்தாள். "தெரியாம கைய முறுக்கிட்டேன்."

"உன் வாக்குக்காவ பல்லக்க தெருவுலயே நிறுத்திட்டாங்கடி" என்றார் சின்னப்பொண்ணு அக்கா. முகமெல்லாம் வெளிச்சம். "சுப்பிரமணி வந்தப்புறந்தான் மயானத்துக்கே போனாங்க. வழி வுடு, அந்தப் பொண்ணு வாயில ஒரு பிடி போட்டாத்தான் முழுசாவும்."

"உள்ள போகக் கூடாதுக்கா. அவளுக்குச் சாமி வரல."

"இன்னா சொல்ற?"

"எனக்கும் வரல. ஊசி போட விடமாட்டேன்னாங்க, அதான் அப்படிச் செஞ்சேன்."

சுப்பிரமணி ஊரில் எதையும் சொல்லவில்லை போலிருந்தது. அக்காவின் முகம் இருண்டது. "அம்மா பேர வச்சிக்கினு ஆட்டம் காட்டினியா? எங்க ஊரையே முட்டாளாக்கினியா?"

"என்ன வேணும்னாலும் ஏசுங்க. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவ சாப்பிட்டதுல எங்கயோ வேர்க்கடலை இருந்துருக்கு. எதுல?"

"அம்மா மேல ஆணையா சொல்றேன், ஒரு பருப்பு கூட கெடையாது. ஒரு வாரமா வூட்டுக்குள்ளயே வுடல. வடைக்கு எண்ண கூட..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார்.

"எந்த எண்ணெய்க்கா?"

"ஆஸ்டல்ல பாமாயில்ல சுடறோம். சாமி நாளு, தேசம் தாண்டி வந்த புள்ள, அதுக்குப் போயி பாமாயிலா? செக்குல நின்னு, கண்ணெதிர்ல ஆட்டி..." குரல் இறங்கியது. "கல்லெண்ண."

வேர்க்கடலை எண்ணெய். எண்ணெயைக் கேட்காதது நான்தான். சட்டியைக் கேட்டேன், கரண்டியைக் கேட்டேன். அந்த மணத்தை முகர்ந்து நானும்தான் தின்றேன்.

அக்கா சுவரில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"எண்ண வழியா அம்மா வரக்கூடாதா இன்னா?" என்று மரகதம் விடாமல் சொன்னாள். "தள்ளுமா. ஒரே ஒரு சுண்டல், ஒதட்டுல வச்சிட்டு..."

அக்கா எழுந்த வேகத்தில் மரகதம் இரண்டடி பின்னால் போனாள். "வாளிய எடுத்துக்கினு வெளிய போ! எல்லாரும் போங்க! அந்தக் கையோட இந்தக் கதவத் தொட்டீங்கன்னா பாத்துக்கோ!" என்று எல்லோரையும் படி வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் விட்டார். திரும்பி வந்து குழாயில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். புடவையை உதறினார். ஆனாலும் உள்ளே வரவில்லை. கதவுக்கு வெளியே, தரையில், வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நான் டாக்டரிடம் எண்ணெய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்து, கட்டிலருகே உட்கார்ந்தேன். லேனா கண் திறக்கவில்லை. கழுத்தில் ஒரு சிவப்புத் தடிப்பு புதிதா, முன்பே இருந்ததா என்று எனக்கு நிச்சயமில்லை. அதிலேயே கண்ணை வைத்திருந்தேன்.

"மூச்சு வுடுதா?" என்று கதவுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது.

"ஆமாக்கா, விடுதா."

டிரிப் பாட்டில் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

"இப்ப?"

"ஆமா, விடுதா."